அசோகரின் ஒன்பது பேர்: கடிதம்

அன்புள்ள ஐயா,

கலிங்கப் போருக்குப் பின் அசோகர் ஒன்பது அறிஞர்களைக் கொண்டு ஒரு ரகசிய சபை அமைத்து, ஆளுக்கொரு நூலை ஒப்படைத்ததாகக் காணொளிகளில் சொல்கிறார்கள். இதை வைத்து ஒரு சாகச நாவல் தொடங்கியிருக்கிறேன். மூலக்கதை எந்தப் பாலி நூலில் உள்ளது? இதை நாவலாக்கிய டால்பட் மண்டியைப் படிக்கலாமா? காலனியப் பார்வை என்கிறார்களே?

செல்வம்

அன்புள்ள செல்வம்,

அசோகர் கதை சொல்லும் பௌத்த நூல்களான மகாவம்சத்திலும் இல்லை, அசோகாவதானத்திலும் இல்லை. தேடி அலையாதீர்கள். அந்த ஒன்பது பேரை ஊரறியச் செய்தது 1923இல் அமெரிக்காவின் ‘அட்வென்ச்சர்’ இதழில் மண்டி எழுதிய தொடர். 1960இல் பாவெல், பெர்ஜியே என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் அதை வரலாறு போல எழுதிவைத்தார்கள். ஜூடோகூட அந்த நூல்களிலிருந்து கசிந்ததாம்! உங்கள் காணொளிக்காரர் பிடித்தது இந்த வாலைத்தான்.

காலனியப் பார்வையா? நிறைய உண்டு. படித்துவிட்டுத் திட்டுங்கள். ஆனால் மண்டியிடம் தொழில் இருக்கிறது. இந்தியாவுக்குள் காலங்காலமாக வந்து குவிந்த பொன்னெல்லாம் எங்கே போயிற்று என்ற கேள்விதான் அவர் போடும் தூண்டில். அடிதடிக்கு ஒரு போலிக் கூட்டம். உண்மையான ஒன்பது பேர் கைக்கெட்டாத தூரத்தில். போலிகள் அடிவாங்கினாலும் ரகசியம் சேதப்படாது. உங்களைப் போன்றவர்கள் மூன்றாம் அத்தியாயத்திலேயே ஓலைச்சுவடியைப் பிரித்து, உள்ளே விமானம் செய்யும் முறையைக் காட்டிவிடுகிறீர்கள். அப்புறம் எதற்கு நாலாம் அத்தியாயம்?

மண்டி பிரம்மஞான சபைக்காரர் (தியசாபிகல் சொசைட்டி), கலிபோர்னியாவின் பாயின்ட் லோமா கிளை. நம் அடையாற்றில் மரப்பேழைக்குள், மறைந்து வாழும் ஞானிகள் என்று சபையார் நம்பிய மகாத்மாக்களின் கடிதங்கள் ‘தோன்றிய’ 1880களின் பேரப்பிள்ளைகள்தான் அந்த ஒன்பது பேரும்.

என் கோபம் வேறு. ரகசியத்துக்கு அசோகர்தானா கிடைத்தார்? சொல்ல நினைத்ததையெல்லாம் பாறையில் வெட்டிவைத்த மனிதர் அவர். பிராமி எழுத்தில், கரோஷ்டி எழுத்தில், காந்தகாரில் கிரேக்கத்திலும் அரமேயத்திலும். தவுளிச் சாசனத்தைப் பூச நட்சத்திர நாட்களில் வாசித்துக்காட்ட வேண்டும் என்கிறார். இடையில் ஒரே ஒருவர் கேட்டாலும் வாசிக்கலாம் என்கிறார். அப்படிப்பட்டவரின் கையில் ரகசியச் சபையைக் கொடுப்பது, செல்வம், சோம்பேறித்தனம். காணொளி பார்த்த நேரத்தில் 13ஆம் பெரும்பாறைச் சாசனத்தை வாசித்திருக்கலாம். சோழரும் பாண்டியரும்கூட அதில் வருகிறார்கள்.

கலிங்கத்தில் ஒன்றரை லட்சம் பேர் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டார்கள், ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் என்று அரசரே வருந்துவது அந்தச் சாசனத்தில்தான். கிர்நாரில் இருக்கிறது, கால்சியில் இருக்கிறது, ஆந்திரத்து எர்ரகுடியில் இருக்கிறது. கலிங்க மண்ணிலேயே இருக்கும் தவுளியிலும் ஜௌகடாவிலும் இல்லை! 11, 12, 13 மூன்றையும் விட்டுவிட்டு, அந்த இடத்தில் அதிகாரிகளுக்கான இரண்டு தனிச் சாசனங்களை வெட்டியிருக்கிறார்கள். அடிபட்ட ஊர்க்காரனுக்கு மட்டும் அந்த வருத்தம் காட்டப்படவில்லை.

வேண்டாம் என்று ஓலை அனுப்பியது யார்? உளியைக் கையில் வைத்திருந்தவனுக்கு விட்டுப்போனது என்னவென்று தெரியுமா? ஒன்பது கிழவர்களைத் தூக்கிப்போட்டுவிட்டு இதை எழுதுங்கள். முதல் அத்தியாயத்தை எனக்கு அனுப்பலாம், விமானம் இல்லாமல்.