ஒன்றுக்கு ஐந்து என்று பின்தங்கினால் நாற்காலியில் என்ன செய்வது?

கேள்வி (சென்னை வாசகர்): சார், சனி ஞாயிறுகளில் நைன் பால் போட்டிகளில் ஆடுகிறேன் (பூலில் ஒரு வகை; டேபிளில் இருக்கும் குறைந்த எண் பந்தைத்தான் முதலில் தொட வேண்டும், ஒன்பதாம் பந்தைப் போட்டவருக்கு அந்தச் சுற்று; ஒரு சுற்றுதான் ஒரு ரேக்). முதலில் ஏழு ரேக் எடுப்பவருக்கு வெற்றி. போன மாதம் ஒரு ஆட்டத்தில் 1-5 என்று பின்தங்கினேன். அதற்குப் பிறகு கை என் பேச்சைக் கேட்கவே இல்லை, குழந்தைகூடப் போடக்கூடிய பந்தை எல்லாம் விட்டேன். இந்த நிலைமையில் நிதானமாக இருப்பது எப்படி? இல்லை, முடிந்துவிட்டது என்று ஒப்புக்கொள்வதுதான் நேர்மையா?

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், பாதி பயம் அங்கேதான் இருக்கிறது. நீங்களும் எதிராளியும் சமமான ஆட்டக்காரர்கள், ஒவ்வொரு ரேக்கும் பூவா தலையா என்று வைத்துக்கொள்ளுங்கள். 1-5 நிலையில், அவர் இன்னும் இரண்டு எடுப்பதற்குள் நீங்கள் ஆறு எடுத்தாக வேண்டும். அதற்கான வாய்ப்பு 16-இல் 1. மோசம்தான், மறைக்கவில்லை. ஆனால் ஒரு ரேக் எடுத்து 2-5 ஆக்கினால் அது 64-இல் 7. இன்னொன்றும் எடுத்து 3-5 ஆக்கினால் 16-இல் 3. போர்டைப் பார்ப்பவருக்கு இன்னும் நீங்கள் தோற்றுக்கொண்டிருக்கும் ஆள்தான், ஆனால் இரண்டே ரேக்கில் உங்கள் வாய்ப்பு மூன்று மடங்கு ஆகிவிட்டது.

இன்னொன்று. கால்பந்திலும் கபடியிலும் முன்னால் இருப்பவர் நேரத்தைக் கடத்தியே ஜெயித்துவிடலாம். பூலில் அது நடக்காது. ஆறு ரேக் எடுத்தவர் ஏழாவதையும் எடுத்தே ஆக வேண்டும், மணி அடித்து யாரும் அவரைக் காப்பாற்றப் போவதில்லை.

சரி, உங்கள் உண்மையான பிரச்சினை டேபிள் இல்லை, நாற்காலி. கிரிக்கெட்டில் அடி வாங்கும் அணிகூட பந்தைத் துரத்தி ஓடலாம், நாலு வார்த்தை கத்தலாம். பூலில் எதிராளி ஆடும்போது நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜெயித்தவரே அடுத்த பிரேக்கையும் (ரேக்கைத் தொடங்கும் முதல் அடி) எடுப்பது என்ற விதி இருந்தால், ஸ்டிக்கைத் தொடாமலே மூன்று ரேக் போய்விடும். அந்த நேரத்தில் மனது சும்மா இருக்குமா, வீட்டில் என்ன சொல்வது என்பது வரை போய்விடும். எங்கள் பக்கத்துப் பூல் பார்லருக்கு நடுத்தர வயதுக்காரர் ஒருவர் வருவார். பின்தங்கினால் அவர் முதலில் செய்வது, ஸ்கோர் போர்டு முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வது. அப்புறம் ஒரு சின்ன டவலால் ஸ்டிக்கை நுனியிலிருந்து அடி வரை ஒரே இழுப்பாகத் துடைப்பார், மடியில் வைத்துக்கொள்வார், அதற்கு மேல் அவர் கண் வெள்ளைப் பந்தை விட்டு நகராது. வேண்டுதல் மாதிரி இருக்கிறதே என்று சிரித்திருக்கிறேன், பிறகுதான் புரிந்தது, மனிதர் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார். எதிராளி பிரேக்குக்கு வெள்ளைப் பந்தை எங்கே வைக்கிறார், அடுக்கிய பந்துகளில் ஓரத்துப் பந்து மூலைப் பாக்கெட்டில் விழுகிறதா, இன்றைக்கு குஷன் (டேபிளின் ஓர ரப்பர்) எவ்வளவு ஓட்டம் தருகிறது, இதையெல்லாம் சம்பளம் இல்லாமல் கற்றுக்கொடுக்கும் வகுப்பு அந்த நாற்காலி.

எழுந்து வந்ததும் ஆடும் முதல் ஷாட்டில்தான் பெரும்பாலான ஆட்டம் கெடுகிறது. இருபது நிமிடம் உட்கார்ந்த உடம்பு விறைத்திருக்கும், பின்கை ஸ்டிக்கை அளவுக்கு மீறி இறுக்கிப் பிடிக்கும், அடித்த கையோடு தலை மேலே எழும்பும். போதாக்குறைக்கு, ஒரே அடியில் நாலு ரேக்கையும் மீட்டுவிடலாம் என்கிற மாதிரி ஒரு சினிமா ஷாட் கண்ணில் படும். அதைத் தொடாதீர்கள். நல்ல பந்து இல்லையென்றால் சேஃப்டி ஆடுங்கள், வெள்ளைப் பந்தை இன்னொரு பந்துக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்புங்கள். அவர் தொட வேண்டிய பந்தைத் தொடாமல் ஃபவுல் செய்தால் வெள்ளைப் பந்து உங்கள் கைக்கு வரும், எங்கே வேண்டுமானாலும் வைத்து ஆடலாம். தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால் அந்த ரேக்கே உங்களுக்கு (இரண்டாவது ஃபவுலுக்குப் பிறகு அவருக்கு எச்சரிக்கை சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்). பின்தங்கியவனுக்கு வாய்த்த ஆயுதம் சேஃப்டிதான். அதை ஆடினால் பயந்தாங்கொள்ளி என்று நினைப்பார்களோ என்று கூச்சப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

கேள்வி (சிங்கப்பூர் வாசகர்): எஃப்ரென் ரெயெஸ் ஒரு மாரத்தான் ஆட்டத்தில் பின்னாலிருந்து வந்து ஜெயித்தார் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. 1996, ஹாங்காங். பிலிப்பைன்ஸின் ரெயெஸும் அமெரிக்காவின் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்டும் நைன் பாலில் முதலில் 120 ரேக் எடுப்பவர் என்று மூன்று நாள் மோதினார்கள். பரிசு ஒரு லட்சம் டாலர், முழுவதும் ஜெயித்தவருக்கு, தோற்றவருக்குச் சல்லிக்காசு கிடையாது. பெரும்பகுதி நேரம் ஸ்ட்ரிக்லண்ட்தான் முன்னால் இருந்தார். முடிவு 120-117, ரெயெஸுக்கு. 237 ரேக்! ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்காமல் மொத்தமாக நினைத்தால் யாருக்கும் தலை சுற்றும்.

ரெயெஸ் சின்ன வயதில் மணிலாவில் மாமாவின் பில்லியர்ட்ஸ் கூடத்தில் வேலை செய்து, இரவில் அந்த டேபிள்களின் மேலேயே படுத்துத் தூங்கியவர். எட்டாத உயரத்துக்கு கோலா பெட்டி போட்டு ஏறி நின்று ஆடியவர். பந்தை விட்டால் தலையைச் சொறிந்துகொண்டு ஒரு சிரிப்பு சிரிப்பார், பார்த்திருப்பீர்கள். அது பழகி வந்த நிதானமா, பிறவிச் சுபாவமா என்று கேட்டால், டேபிள் மேல் தூங்கியவனுக்கு டேபிள்மேல் என்ன பயம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

கேள்வி (திருச்சி வாசகர்): அவ்வளவு முன்னால் இருந்துகொண்டு எப்படித்தான் கோட்டை விடுகிறார்கள்?

பதில்: இதற்கு ஸ்னூக்கர் பக்கம் போக வேண்டும். (பூலின் பங்காளிதான், தவிர ஸ்னூக்கரின் விதிகள் உருவானதில் நம் ஊட்டி கிளப்புக்கும் பங்கு உண்டு.) 1985 உலகச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம், இங்கிலாந்தின் ஷெஃபீல்ட். முதலில் 18 ஃப்ரேம் (ஸ்னூக்கரின் ரேக்) எடுப்பவருக்குக் கோப்பை. ஸ்டீவ் டேவிஸ் 8-0 என்று முன்னால். டென்னிஸ் டெய்லர் அன்று இரவே 9-7 ஆக்கிவிட்டார். மறுநாள் 17-15 வரை போய், 17-17 ஆகி, கடைசி ஃப்ரேம் மட்டும் 68 நிமிடம். அதில் புள்ளிக் கணக்கில் 62-44 என்று டெய்லர் பின்னால் இருந்தபோது டேபிளில் பழுப்பு, நீலம், பிங்க், கறுப்பு என்று நாலே பந்து, நாலும் அவருக்கே வேண்டும். மூன்றைப் போட்டார். மிச்சம் கறுப்பு. இருவரும் மாறி மாறித் தடுமாறினார்கள், டேவிஸுக்கு ஒரு மெல்லிய கட் (பந்தின் ஓரத்தை மட்டும் உரசும் அடி) கிடைத்தது, அவர் அதை அளவுக்கு மேல் மெலிதாகத் தொட, பந்து பாக்கெட்டைத் தாண்டிப் போனது. டெய்லர் போட்டார், 18-17. அந்த ஆட்டம் முழுவதிலும் டெய்லர் முன்னிலைக்கு வந்தது அந்த ஒரு பந்தில்தான். நள்ளிரவு தாண்டியும் பிரிட்டனில் 1.85 கோடிப் பேர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

1992-இல் அதே அரங்கில் ஜிம்மி ஒயிட் 14-8 என்று ஸ்டீவன் ஹென்ட்ரியை விட முன்னால். இன்னும் நாலு ஃப்ரேம் போதும். ஹென்ட்ரி வரிசையாகப் பத்து எடுத்து 18-14 என்று முடித்தார். பின்தங்கியவனுக்கு அடுத்த பந்து மட்டும்தான் கண்ணில் படும். முன்னால் இருப்பவனுக்கோ கோப்பையும் தெரியும், அது கைநழுவிப் போவதும் தெரியும்.

கேள்வி (மதுரை வாசகர்): நான் கோபக்காரன். அமைதியாக இருந்தால்தான் மீண்டு வர முடியுமா?

பதில்: அப்படிச் சட்டம் இல்லை. மேலே சொன்ன ஸ்ட்ரிக்லண்ட் கூட்டத்தோடும் நடுவரோடும் சண்டை போடுவதில் பெயர் பெற்றவர், ஆனால் மூன்று முறை உலகச் சாம்பியன். 2002 கார்டிஃப் இறுதி ஆட்டத்தில் அவர் 17-15 என்று தோற்கடித்தது பிலிப்பைன்ஸின் ஃபிரான்சிஸ்கோ புஸ்டமான்டேயை. அந்தப் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே புஸ்டமான்டேயின் கைக்குழந்தை ஊரில் இறந்துபோனது. அந்தத் துக்கத்தோடு அவர் இறுதி வரை வந்து, இரண்டே ரேக் வித்தியாசத்தில் தோற்றார். அவர் உலகப் பட்டம் வென்றது 2010-இல் தோஹாவில், எட்டு வருடம் கழித்து. கோபமோ துக்கமோ, உள்ளே இருக்கட்டும், ஸ்டிக்கைப் பிடிக்கும் விரல்களுக்கு இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கேள்வி (அதே சென்னை வாசகர்): கடைசியாக ஒன்று. தோல்வி நிச்சயம் என்றால் பையைக் கட்டத் தொடங்கலாமா?

பதில்: ஜாக்கிரதை. உலகப் பூல் சங்கத்தின் விதிப்படி, ஆட்டத்தை முடிக்கக்கூடிய ரேக்கில் எதிராளி டேபிளில் இருக்கும்போது நீங்கள் ஆடும் ஸ்டிக்கைத் திருகிக் கழற்றினாலே தோல்வியை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். அவர் ஒன்பதாம் பந்தை விட்டுவிட்டு உங்கள் பக்கம் திரும்பும்போது, ஸ்டிக் உங்கள் கையில் இரண்டு துண்டாக இருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை.