மட்டிக்குள் நண்டு, சதையில் வெள்ளைப் பொட்டு

கேள்வி: ஐயா, வெள்ளாத்துல மட்டி தடவி எடுத்து விக்கிறேன். மாசியிலேர்ந்து பிளக்குற மட்டியில பாதிக்கு உள்ளே குட்டி நண்டு. சிலதுல சதையில வெள்ளைப் பொட்டு. சேத்துலயே வாய் பிளந்து செத்துக் கெடக்குறதும் நெறைய. 'சீக்கு மட்டி'ன்னு ஜனங்க வாங்க மாட்டேங்குது. சாப்பிடலாமா, கூடாதா?
– வாசகி, கிள்ளை

பதில்: அம்மா, நண்டையும் பொட்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் உங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள்.

அந்த நண்டு பட்டாணி அளவுக்கு மேல் போகாது. ஓடு கெட்டிப்படாமல் தொட்டால் நசுங்கும். பெரும்பாலும் பெண் நண்டுதான். வயிற்று மடிப்பை நகத்தால் விலக்கினால் முட்டைக் கொத்துகூடத் தெரியும். மட்டி செவுளில் வடிகட்டிச் சேர்க்கும் இரையை இது இடையிலேயே பிடுங்கித் தின்கிறது. உட்கார்ந்த இடத்தில் செவுள் தேய்ந்து பிய்ந்திருக்கும். மட்டி மெலியும், அவ்வளவுதான். தின்பவருக்கு ஒன்றும் ஆகாது.

எனக்குக் கவலை வெள்ளைப் பொட்டில்தான். பெர்க்கின்சஸ் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி தாக்கினால் செவுளிலும் அதைச் சுற்றிய சவ்விலும் இப்படி முடிச்சு விழும். நம் தென்கிழக்குக் கரையின் முத்துச்சிப்பியில் ஏற்கெனவே அதைக் கண்டிருக்கிறார்கள். தண்ணீரில் உப்பும் சூடும் ஏற ஏற அதற்குக் கொண்டாட்டம். ஐப்பசி, கார்த்திகையில் மட்டி செத்திருந்தால் வெள்ளத்து நன்னீர்தான் காரணம் என்று சொல்லியிருப்பேன். மாசிக்குப் பிறகு சாகிறது என்பதால்தான் சந்தேகம்.

கண்ணால் பார்த்து முடிவு கட்ட முடியாது. செவுளைத் தயோகிளைக்கோலேட் திரவத்தில் சில நாள் ஊறவைத்து அயோடின் விட்டால், கிருமி இருந்தால் கருநீல உருண்டையாகத் தெரியும். உயிருள்ள மட்டியை ஈரச் சாக்கில் சுற்றி, பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் கொண்டுபோய்க் கேளுங்கள்.

ஒன்று மட்டும் கையெடுத்துக் கேட்கிறேன். கழித்த மட்டியை ஆற்றிலோ வேறு ஓடையிலோ கொட்டாதீர்கள். அழுகும் சதையிலிருந்துதான் கிருமி தண்ணீரில் இறங்கி அடுத்த மட்டிக்குப் போகிறது. மேட்டில் புதைத்துவிடுங்கள். குஞ்சு மட்டியையும் இங்கிருந்து அள்ளி வேறு இடத்தில் விட வேண்டாம்.

பெர்க்கின்சஸ் மனிதரைத் தொற்றாது. தட்டினால் வாய் மூடுகிற மட்டியை நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம், விற்கலாம். செத்தது மட்டும் சட்டிக்குப் போகக் கூடாது.

கேள்வி: கொதிக்க வைத்துவிட்டால் எந்த மட்டியும் பத்திரம்தானே?
– வாசகர், தேங்காய்த்திட்டு, புதுச்சேரி

பதில்: இல்லை. புழுவும் கிருமியும் சாகும். ஆனால் சில நுண்பாசிகள் கடலில் பெருகும்போது அவற்றைத் தின்ற மட்டியில் நஞ்சு சேர்கிறது. அது கொதியில் போகாது. மட்டி பார்க்க நல்ல மட்டியாகவே இருக்கும். 1981-ல் தமிழ்நாட்டில் இப்படி நஞ்சேறிய மட்டியைச் சாப்பிட்டு 3 பேர் இறந்தார்கள். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உதடும் விரல்நுனியும் மரத்தால், மூச்சு முட்டும்வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.