தெரு வாசகர் வட்டம் நடத்துவது எப்படி: கேட்டவையும் பதில்களும்

திருச்சியில் எங்கள் காலனிக்காரர்கள் சில வருடங்களாக மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் பேசுகிறோம். அதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து எழுதுகிறேன். இதெல்லாம் அக்கம்பக்கத்துக்காரர்கள் கூடும் வட்டத்துக்கான பதில்கள், பெரிய இலக்கிய அமைப்புகளின் கணக்கு வேறு.

மடிப்பாக்கத்திலிருந்து: அக்கா, எங்கள் அபார்ட்மெண்டில் அறுபது வீடு. குறைந்தது எத்தனை பேர் சேர்ந்தால் ஆரம்பிக்கலாம்? தொடக்க விழா வைக்கலாமா?

நாலு பேர் போதும். விழா வேண்டவே வேண்டாம்.

நம்ம ஊரில் இது ஒரு வியாதி. நாலு பேர் புத்தகம் பேசக் கூடினால் அடுத்த மாதமே வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை எல்லாம் முளைத்துவிடும், அதற்கடுத்த மாதம் மைக் வரும், ஃபிளெக்ஸ் வரும், சிறப்பு விருந்தினர் அரை மணி நேரம் தாமதமாக வருவார், அவருக்குப் பொன்னாடை போர்த்தியதைப் போட்டோ எடுத்து முடிப்பதற்குள் புத்தகத்தை உண்மையிலேயே படித்துவிட்டு வந்த அந்த இரண்டு பேர் கிளம்பிப் போயிருப்பார்கள். விழாவில் ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கை தட்டுவார்கள். உங்களுக்கு வேண்டியது எல்லோரும் பேசுகிற இடம். எனக்குத் தெரிந்து நின்றுபோன வட்டங்களில் பாதி, ஆள் வராமல் நின்றவை இல்லை, இப்படி விழாவாக வீங்கி நின்றவைதான்.

நாற்காலியை வட்டமாகப் போடுங்கள். மேடை மாதிரி ஒரு பக்கம் போட்டால் அங்கே உட்காருபவர் தானாகவே சொற்பொழிவாளர் ஆகிவிடுவார். பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் இரண்டு வட்டமாகப் பிரித்துவிடுவது நல்லது, ஏனென்றால் அதற்கு மேல் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் வாயே திறக்க மாட்டார்கள்.

அதே ஊர்: எந்த நாள் வசதி? ஒவ்வொரு மாதமும் வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு வைக்கிறோம், முடிவே ஆவதில்லை.

வாக்கெடுப்பை நிறுத்துங்கள். இரண்டாவது ஞாயிறு, மாலை நாலு மணி, ஐந்தரைக்கு முடியும், அவ்வளவுதான். வர முடியாதவர் அடுத்த மாதம் வரட்டும். தேதி நிலையாக இருந்தால்தான் வீட்டில் மற்றவர்களும் அதற்கேற்ப வேலையை மாற்றி வைத்துக்கொள்வார்கள். முடிக்கும் நேரம் தொடங்கும் நேரத்தைவிட முக்கியம். ராத்திரிச் சமையலை மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் ஐந்தரை என்றால் ஐந்தரைக்கு எழுந்துவிடுவார்கள்.

கும்பகோணத்திலிருந்து: வீட்டில் இடமில்லை மேடம். ஹோட்டலில் உட்கார்ந்தால் செலவு, சத்தம். வேறு எங்கே கூடலாம்?

உங்கள் பகுதிக் கிளை நூலகத்துக்குப் போய் நூலகரைப் பாருங்கள். உரிமையோடு கேட்கலாம், ஏனென்றால் நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் சொத்து வரியோடு பத்து சதவீதம் நூலக வரி சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டம் போட்டுக் கொடுத்த ஏற்பாடு இது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டமும் அதுதான், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் பின்னால் நின்று பாடுபட்டதில் வந்தது.

பல நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒன்று ஏற்கெனவே இருக்கும். சிலது சுறுசுறுப்பாக நடக்கும், சிலது பலகையில் மட்டும் இருக்கும். இரண்டாவது வகையாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், நூலகரே வாங்க வாங்க என்பார். திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு தேதியை வையுங்கள். நூலகத்தில் கூடுவதில் இன்னொரு லாபம், அடுத்த மாதப் புத்தகத்துக்கு இரண்டு மூன்று பிரதி வேறு கிளைகளிலிருந்து வரவழைத்துத் தர முடியுமா என்று அவரிடமே கேட்டுவிடலாம்.

அது சரிவராவிட்டால் மொட்டை மாடி, பள்ளிக்கூட வகுப்பறை, குடியிருப்பு சங்க அறை. பூங்கா மார்கழி, தை மாதங்களில் நன்றாக இருக்கும், சித்திரையில் யாரும் வரமாட்டார்கள்.

கோவையிலிருந்து: முதல் புத்தகமாக என்ன வைப்பது? எங்களில் பாதிப் பேர் கல்லூரி முடித்த பிறகு ஒரு புத்தகமும் படித்ததில்லை.

முதல் இரண்டு மாதம் புத்தகமே வேண்டாம், ஒரு சிறுகதை போதும். பத்துப் பக்கம். புதுமைப்பித்தன், கு.ப.ரா. மாதிரி ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். வந்து உட்கார்ந்த பிறகு ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும், அரை மணியில் முடிந்துவிடும், படிக்காமல் வந்தவர் என்ற ஆளே இருக்க மாட்டார். அதற்கப்புறம் நூற்றைம்பது, இருநூறு பக்கத்துக்குள் குறுநாவல்கள். முந்நூறு தாண்டினால் வேலைக்குப் போகிறவர்கள் கழன்றுகொள்வார்கள்.

தேர்வை முறை வைத்துச் செய்யுங்கள், ஒரு மாதம் ஒருவர். நான்கு பேருக்குப் பிடித்ததை ஓட்டுப் போட்டு எடுத்தால் எப்போதும் ஒரே மாதிரிப் புத்தகம்தான் வரும். எங்கள் வட்டத்தில் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் தன் முறை வந்தபோது பறவைகளைப் பற்றிய புத்தகம் ஒன்றைச் சொன்னார், யாருக்கும் இஷ்டமில்லை, ஆனால் அந்த மாதம்தான் பேச்சு ஆறு மணி தாண்டியும் ஓடியது. ஐந்தரை விதியை மீற ஆசை வந்தது அன்றைக்குத்தான்.

சேலத்திலிருந்து: படம் பார்த்த பிறகு எல்லோரும் ‘பொன்னியின் செல்வன்’ படிக்கலாம் என்கிறார்கள். ஐந்து பாகம். முடியுமா அக்கா?

தாராளமாக. ஒரே மாதத்தில் முடிக்க நினைத்தால்தான் கஷ்டம். அது 1950-இல் தொடங்கி 1954 வரை கல்கி பத்திரிகையில் வாரா வாரம் வந்த தொடர். முதலில் படித்தவர்களே மூன்றரை வருடம் எடுத்துத்தான் முடித்தார்கள், நீங்கள் மாதம் ஒரு பாகம் என்று போனாலே அவர்களைவிட எத்தனையோ வேகம். ஒவ்வொரு பாகத்துக்கும் கூடும்போது முன்னால் படித்துவிட்டவர்கள் கதையை உடைக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். படம் பார்த்துவிட்டு வருபவர்களை ஏளனம் செய்யாதீர்கள். படத்தில் எது இல்லை, ஏன் விட்டிருப்பார்கள் என்பதே ஒரு மாலை முழுக்கப் பேசத் தாங்கும்.

நாகர்கோவிலிலிருந்து: புத்தகம் கிடைப்பதில்லை, கிடைத்தால் விலை அதிகம். குழுவில் பி.டி.எஃப். போட்டுவிட்டால் என்ன தப்பு?

எந்தப் புத்தகம் என்பதைப் பொறுத்தது. இந்தியாவில் ஆசிரியர் இறந்து அறுபது வருடம் வரை பதிப்புரிமை உண்டு. அதற்கு முந்தியவர்களின் எழுத்தை யார் வேண்டுமானாலும் பகிரலாம். புதுமைப்பித்தன் 1948-இல் போனவர், கு.ப.ரா. 1944-இல், ஆக இரண்டு பேரும் தடையில்லை. இது தவிர, தமிழ்நாடு அரசு வாரிசுகளுக்குப் பணம் கொடுத்து நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களுடையதும் பொதுச் சொத்து. மதுரைத் திட்டம் 1998 முதல் இப்படிப்பட்ட நூல்களை மின்னூலாக்கி இலவசமாகவே வைத்திருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும் இருக்கிறது.

உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் ஸ்கேன் பிரதி மட்டும் வேண்டாம். சட்டத்தை விடுங்கள், தமிழில் இன்று பல புத்தகங்கள் ஒரு தடவைக்கு முந்நூறு, ஐந்நூறு பிரதிதான் அச்சாகின்றன. அதில் உங்கள் வட்டம் வாங்கும் பத்து பிரதி ஒரு பெரிய எண்ணிக்கை. பதிப்பகத்துக்கே போன் போட்டுப் பத்து பிரதி சேர்த்து வேண்டும் என்று சொல்லுங்கள், கழிவு கொடுப்பார்கள், பார்சல் செலவும் பகிர்ந்துகொள்ளலாம். பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு யாராவது போனால் அரை வருடத்துக்கான பட்டியலைக் கையில் கொடுத்தனுப்புங்கள், பத்து சதவீதம் குறையும். நாலு பேருக்கு ஒரு பிரதி என்று சுற்றுக்கு விடுவதும் நடக்கும், ஆனால் முதலில் வாங்கிப் போகிறவர் பத்து நாளில் கைமாற்ற வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். சொன்னாலும் ஒருவர் இருபது நாள் வைத்திருப்பார்.

மதுரையிலிருந்து: எங்கள் வட்டத்தில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர், நிறையப் படித்தவர். ஆரம்பித்தால் ஒரு மணி நேரம். ஐயாவை எப்படி நிறுத்துவது?

இந்தக் கேள்வி ஏழெட்டுப் பேரிடமிருந்து வந்தது, ஊர் மட்டும்தான் வேறு.

அவரைக் கடைசியில் வையுங்கள். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம், எது பிடித்தது அல்லது எது உறுத்தியது, ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும், நடுவில் யாரும் குறுக்கிடக் கூடாது. அதிகம் பேசாதவரிடமிருந்து தொடங்குங்கள். சுற்று ஐயாவிடம் வரும்போது அவருக்கு முன்னால் எட்டுப் பேர் பேசியிருப்பார்கள், அவர் பேச்சும் தானாக அவர்கள் சொன்னதை ஒட்டியே போகும். அப்போதும் நீண்டால், “ஐயா, இது எந்தப் பக்கத்தில் வருகிறது, கொஞ்சம் வாசித்துக் காட்டுங்களேன்” என்று கேளுங்கள். அவமரியாதையும் இல்லை, பேச்சும் புத்தகத்துக்குத் திரும்பிவிடும். வாசித்து முடித்ததும் வேறொருவர் பெயரைச் சொல்லி, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று திருப்பிவிடுங்கள்.

அவருடைய படிப்பை வீணாக்கவும் வேண்டாம். வட்டார வழக்கு நிறைந்த ஒரு நாவலோ சங்கப் பாடல்களோ எடுக்கும் மாதத்தில் முதல் பதினைந்து நிமிடம் அவருக்கு என்று முன்பே சொல்லிவிடுங்கள். மதிப்புக் கிடைத்துவிட்டால் பலர் தாமாகவே அடங்கிவிடுகிறார்கள்.

ஈரோட்டிலிருந்து: படிக்காமலே வருகிறவர்களை என்ன செய்வது?

வரட்டும். கதை உடையும், அதைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது, இது ஒன்றுதான் நிபந்தனை. படிக்காதவர் கேட்கும் “அவள் ஏன் திரும்பிப் போனாள்?” மாதிரியான கேள்விக்குப் பதில் சொல்லப் போய்த்தான் படித்தவர்களுக்கே பல சமயம் விஷயம் பிடிபடும்.

விழுப்புரத்திலிருந்து: நாவலில் சாதி வருகிறது. போன மாதம் பேச்சு சண்டையாகிவிட்டது, இரண்டு வீட்டுக்காரர்கள் இப்போது பேசுவதில்லை. இனிமேல் அந்த மாதிரிப் புத்தகங்களைத் தவிர்க்கலாமா?

தவிர்த்தால் தமிழில் நல்ல நாவல்களில் முக்கால்வாசியைத் தவிர்க்க வேண்டியிருக்கும். புத்தகத்தை வைத்துக்கொண்டு பேச்சின் விதியை மாற்றுங்கள். எங்களிடம் இருப்பது இதுதான்: கதாபாத்திரத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பற்றிச் சொல்லக் கூடாது. “உங்க ஆளுங்க”, “உங்க பக்கமெல்லாம் இப்படித்தானே” என்ற இரண்டும் யார் வாயிலிருந்து வந்தாலும் அன்றைக்கு நடத்துகிறவர் உடனே, சிரித்துக்கொண்டாவது, நிறுத்த வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தச் சொல் வீட்டுக்குப் போய் வளரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மாதிரிக் கதையில் வரும் அனுபவம் யாருக்குச் சொந்த அனுபவமோ, அவரைச் சாட்சி மாதிரி எழுப்பி நீங்கள் சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள். அவருக்குச் சொல்லத் தோன்றினால் சொல்வார். பேசாமல் உட்கார்ந்திருப்பதும் அவர் உரிமை.

இப்போது பேசாத அந்த இரண்டு வீட்டுக்கும் நீங்களே நேரில் போய் அடுத்த மாதத்துக்குக் கூப்பிடுங்கள். குழுவில் செய்தி போட்டால் போதாது.

திருநெல்வேலியிலிருந்து: ஒவ்வொரு மாதமும் ஒரு வீட்டில் நடத்துகிறோம். பலகாரம் போட்டி போட்டு ஏறிக்கொண்டே போகிறது மேடம். போன தடவை ஏழு அயிட்டம்.

ஏழா! அந்த வீட்டு அம்மா புத்தகம் படித்திருப்பாரா, சொல்லுங்கள்? ஒரு தின்பண்டம், ஒரு காபி அல்லது டீ, அதற்கு மேல் யார் வைத்தாலும் அடுத்த மாதம் அவர் வீட்டில் கிடையாது என்று விதி போடுங்கள். சுண்டல் அல்லது கடையில் வாங்கிய முறுக்கு. இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம், பெண்கள் சத்தமில்லாமல் விலகுவது பெரும்பாலும் இதனால்தான். ஆண்கள் முறை வரும்போது ஆண்களே டீ போடட்டும்.

ஓசூரிலிருந்து: எங்கள் குடியிருப்பில் தெலுங்கு, மலையாளக் குடும்பங்களும் உண்டு. இங்கிலீஷ் புத்தகம்தான் வழியா சார்?

சார் இல்லை, அக்கா. மொழிபெயர்ப்பு இருக்கும் புத்தகமாகப் பாருங்கள், அவரவர் மொழியில் படித்துவிட்டு வந்து எல்லோருக்கும் புரிகிற மொழியில் பேசுங்கள். தகழியின் ‘செம்மீன்’ மலையாளத்தில் இருக்கிறது, சுந்தர ராமசாமி தமிழில் மொழிபெயர்த்தது இருக்கிறது, இங்கிலீஷிலும் இருக்கிறது. ஒரே பத்தியை இரண்டு மொழியில் வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், பொழுது போவதே தெரியாது.

பல ஊர்களிலிருந்து, சின்னச் சின்னக் கேள்விகள்.

சந்தா? வேண்டாம். பணம் வந்தால் கணக்கு வரும், கணக்கு வந்தால் பொருளாளர் வருவார்.

வாட்ஸ்அப் குழு? வைத்துக்கொள்ளுங்கள், அட்மின் மட்டும் செய்தி போடும்படி பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் காலை வணக்கப் பூக்களுக்கு நடுவில் தேதி காணாமல் போகும்.

குழந்தைகள்? கூட்டி வரட்டும். பக்கத்து அறையில் படக்கதைகளும் ஒரு பெரிய பிள்ளையும் இருந்தால் ஒன்றரை மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம்.

கண் பார்வை குறைந்த பெரியவர்கள்? யாராவது ஒருவர் அத்தியாயத்தை வாசித்துக் குரல் பதிவாக அனுப்பலாம். எங்கள் தெருவில் ஒரு கல்லூரிப் பெண் இதைச் செய்கிறாள், அவளுக்கும் தமிழ் சரளமாகிவிட்டது.

தஞ்சாவூரிலிருந்து: புத்தகத்தின் ஆசிரியரையே ஒருமுறை அழைக்கலாமா? வருவாரா?

பலர் வருவார்கள், கேட்டால் போதும். பயணச் செலவை நீங்கள் கொடுங்கள், தயங்கி அவர் வேண்டாம் என்றாலும் கொடுங்கள். பொன்னாடைக்கு ஒதுக்கும் காசில் அவர் புத்தகத்தில் ஐந்து பிரதி வாங்கிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அவர் வருவதற்கு முந்தின மாதமே புத்தகத்தைப் பேசி முடித்துவிட வேண்டும், ஏனென்றால் ஆசிரியரை எதிரே வைத்துக்கொண்டு எனக்கு இது பிடிக்கவில்லை என்று நம் ஆட்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். அவரும் வட்டத்திலேயே உட்காரட்டும், உங்கள் நாற்காலி மாதிரியே ஒரு நாற்காலியில்.

அதே ஊர்: தீபாவளி மாதத்திலும் பரீட்சைக் காலத்திலும் ஆள் குறைகிறதே, அந்த மாதங்களை விட்டுவிடலாமா?

விடாதீர்கள். மூன்று பேர் வந்தால் மூன்று பேர், அந்த மாதத்துக்கு ஒரு சிறுகதை. ஒரு மாதம் விட்டால் அடுத்த மாதம் இருக்கிறதா என்று போன் வரும், இரண்டு மாதம் விட்டால் போனும் வராது.