எந்தச் சிலையைச் சொல்கிறீர்கள்?

கேள்வி: சுதந்திரத்துக்குச் சிலையே வைத்த நாடு அமெரிக்கா. அவர்களைப் போல் சுதந்திரத்தை உயிராக மதிக்கிறவர்கள் உலகத்தில் வேறு யாராவது உண்டா?
(ஒரு வாசகர், விருதுநகர்)

பதில்: எந்தச் சிலையைச் சொல்கிறீர்கள்? நியூயார்க் துறைமுகத்தில் தீப்பந்தம் ஏந்தி நிற்கிறாளே, அவளைத்தான் என்று நினைக்கிறேன். அவள் பிரான்ஸிலிருந்து வந்தவள். 1886 அக்டோபரில் திறந்தார்கள். முதலில் யோசனை சொன்ன லபுலாயே, அடிமை ஒழிப்புக்காகப் பாடுபட்ட பிரெஞ்சுக்காரர். சிலையின் காலடியில் அறுந்த சங்கிலி ஒன்று கிடக்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவர்கள் கண்ணில் அது படுவதில்லை.

அதே நாட்டில் சுதந்திரத்துக்கு இன்னொரு சிலையும் இருக்கிறது. வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் குவிமாடத்து உச்சியில் நிற்கும் வெண்கலப் பெண். அவள் பெயரே சுதந்திரம்தான். பத்தொன்பதரை அடி உயரம். தீப்பந்தக்காரியைப் பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். என்னைக் கேட்டால், அமெரிக்கர்கள் சுதந்திரத்தை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று தெரிய இவளைத்தான் பார்க்க வேண்டும். அதைச் சொல்லிவிட்டு உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

சிலையை வடித்தவர் தாமஸ் கிராஃபோர்ட், ரோமில் வாழ்ந்த அமெரிக்கச் சிற்பி. அவர் அனுப்பிய வடிவம் ஒன்றில் அந்தப் பெண்ணின் தலையில் ஒரு குல்லாய் இருந்தது. பழைய ரோமில் விடுதலை பெற்ற அடிமை அணிந்த குல்லாய் அது. அன்றைக்குப் போர்த்துறைச் செயலாளர் ஜெபர்சன் டேவிஸ். கட்டட வேலை அவர் பொறுப்பில் இருந்தது. மிசிசிப்பியில் பருத்தித் தோட்டம் வைத்திருந்தவர். அங்கே நூறு அடிமைகளுக்கு மேல் வேலை செய்தார்கள். குல்லாய் கூடாது என்றார். அது விடுதலையான அடிமையின் அடையாளம், பிறப்பிலேயே சுதந்திரமான ஒரு மக்களுக்குப் பொருந்தாது என்பது அவர் வாதம். கிராஃபோர்டும் குல்லாயை எடுத்துவிட்டுத் தலைக்கவசம் வைத்து, அதன் மேல் கழுகுத் தலையும் இறகுகளும் சேர்த்துக் கொடுத்தார். இன்றைக்கும் அப்படியேதான் நிற்கிறது. அடிமை முறையைக் காப்பாற்றத் தென் மாநிலங்கள் பிரிந்துபோனபோது, 1861-இல் அவற்றுக்குத் தலைவரானவர் இதே டேவிஸ். அந்தக் குல்லாய் தன்னை எங்கே தொடும் என்று அவருக்கு முன்னமே தெரிந்திருந்தது.

கிராஃபோர்ட் 1857-இல் இறந்துபோனார். ரோமிலிருந்து துண்டு துண்டாக வந்த பிளாஸ்டர் மாதிரியை ஓர் இத்தாலியத் தொழிலாளி இணைத்து, மூட்டுகளை மேலே பூசி மறைத்துவிட்டார். வெண்கலத்தில் வார்க்கும் வேலை கிளார்க் மில்ஸ் என்பவரின் பட்டறைக்குப் போனது. வார்க்க வேண்டுமானால் மாதிரியைப் பிரிக்க வேண்டும். கூலியை உயர்த்தாமல் கைவைக்க மாட்டேன் என்று இத்தாலியர் உட்கார்ந்துவிட்டார். எங்கே பிரியும் என்று மற்றவர்களுக்குத் தெரியவில்லை.

அப்போது முன்வந்தவர் பிலிப் ரீட். மில்ஸின் அடிமை. தென் கரோலினாவின் சார்லஸ்டன் நகரில் 1,200 டாலருக்கு வாங்கப்பட்டவர். சிலையின் உச்சந்தலையில் ஓர் இரும்பு வளையம் இருந்தது. அதில் கயிற்றைக் கட்டிக் கப்பியில் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுக்க வைத்தார். பாரம் ஏற ஏறப் பூச்சில் மெல்லிய விரிசல் ஓடியது. அதுதான் மூட்டு. அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு துண்டாகப் பிரித்தார்கள்.

அச்சுகளுக்கு அடியில் நெருப்பு அணையாமல் பார்த்துக்கொண்டதற்கு ரீடின் கூலி நாளுக்கு 1.25 டாலர் என்று அரசாங்கக் கணக்கில் இருக்கிறது. வார நாள் கூலி எஜமானருக்கு. ஞாயிற்றுக்கிழமைக் கூலி மட்டும் ரீடுக்கு. 33 ஞாயிற்றுக்கிழமைகள், 41 டாலர் 25 சென்ட். எந்த நினைவுச் சின்னத்தைப் பார்த்தாலும் திறப்பு விழாக் கல்வெட்டை விட்டுவிட்டுக் கூலிக் கணக்கைத் தேடுங்கள் என்று இந்தப் பக்கத்தில் நான் பல தடவை எழுதியிருக்கிறேன். அதற்குக் காரணம் இந்த மாதிரிக் கணக்குகள்தான்.

1862 ஏப்ரல் 16 அன்று வாஷிங்டன் நகர அடிமைகளை விடுவிக்கும் சட்டம் வந்தது. அதில் இழப்பீடும் உண்டு. யாருக்கு? சொந்தக்காரர்களுக்கு. சராசரியாகத் தலைக்கு 300 டாலர் வரை. விடுதலையானவருக்கோ, நாட்டைவிட்டு ஹைட்டிக்கோ லைபீரியாவுக்கோ போகச் சம்மதித்தால் 100 டாலர் வரை கிடைக்கும். இருந்துவிட்டால் ஒன்றும் கிடையாது. மில்ஸ் ரீடுக்காக 1,500 டாலர் கேட்டு மனுப் போட்டார். பார்வைக்குச் சுமாராக இருந்தாலும் புத்திசாலி, பட்டறையில் நல்ல வேலைக்காரன் என்று அதில் எழுதினார். 1863 டிசம்பர் 2 அன்று சிலையின் கடைசித் துண்டைக் குவிமாடத்தில் ஏற்றிப் பீரங்கி வெடித்தார்கள். ரீட் அப்போது சுதந்திர மனிதர்.

இதை எழுதினால் ஒரு பொருளாதாரக் கட்டுரையாளர் சண்டைக்கு வருவார். எங்களுக்குள் இது பழைய வழக்கு. அரசாங்கம் குறுக்கே வராமல் இருப்பதுதான் சுதந்திரம், அமெரிக்கா வளர்ந்ததே அதனால்தான் என்பது அவர் கட்சி. 1862-இல் குறுக்கே வந்தது அரசாங்கம்தானே? வராமல் இருந்திருந்தால் ரீடின் வார நாள் கூலி மில்ஸின் பைக்குத்தான் தொடர்ந்து போயிருக்கும். லிங்கன் 1864 ஏப்ரலில் பால்டிமோரில் பேசியதை அவர் ஒரு முறை படிக்க வேண்டும். ஆட்டின் கழுத்திலிருந்து ஓநாயை மேய்ப்பன் விரட்டுகிறான். ஆடு அவனைத் தன்னை விடுவித்தவன் என்கிறது, ஓநாயோ சுதந்திரத்தைக் கெடுத்தவன் என்கிறது. அதிலும் அந்த ஆடு கறுப்பு ஆடு என்று லிங்கன் சேர்த்துச் சொன்னார். டேவிஸ் தரப்பும் சுதந்திரத்துக்காகப் போராடுவதாகத்தான் சொன்னது. மனதறிந்த பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் அதை நம்பினார்கள். பயங்கரமே அதுதான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சுதந்திரத்தை உயிராக மதித்த அமெரிக்கர்கள் உண்டு. அது மறுக்கப்பட்டவர்களிடையேதான் அவர்களை அதிகம் பார்க்கிறேன். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776-இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் எழுதிய தாமஸ் ஜெபர்சன், தன் வாழ்நாளில் அறுநூறு பேருக்கு மேல் அடிமையாக வைத்திருந்தார். ஐந்து வருடம் கழித்து, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெட் என்ற அடிமைப் பெண் நீதிமன்றத்துக்குப் போனார். எல்லோரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்று மாநில அரசியல் சட்டம் சொல்கிறதே, நானும் அதில் சேர்த்திதானே என்பது அவர் வழக்கு. ஜூரிகள் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். 30 ஷில்லிங் நஷ்டஈடும் கிடைத்தது. எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் வைத்துக்கொண்டார். பழைய எஜமானர் சம்பளம் தருகிறேன், திரும்பி வா என்று கூப்பிட்டும் போகவில்லை. ஜெபர்சனின் வாக்கியத்தை வாய்நிறையச் சொல்கிற நாம் இந்த அம்மாளின் பெயரையும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அப்புறம் 1963. அந்த ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் திரண்ட இரண்டரை லட்சம் பேரைப் பற்றிப் பேசினால், எல்லோரும் மார்ட்டின் லூதர் கிங்கின் பேச்சோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பேரணிக்கு வைத்த பெயர் 'வேலைக்கும் சுதந்திரத்துக்குமான வாஷிங்டன் பேரணி'. பெயரில் முதலில் நிற்பது வேலை. அதை முன்னின்று கூட்டிய ஃபிலிப் ராண்டால்ஃப், ரயிலில் படுக்கை விரித்து மூட்டை தூக்கிய கறுப்பினத் தொழிலாளர்களின் சங்கத் தலைவர். தன் சங்கத்தை ஏற்க வைக்க நிர்வாகத்தோடு பன்னிரண்டு வருடம் மல்லுக்கட்டியவர். வாக்குரிமையோடும், பள்ளிகளில் இனப் பிரிவினை ஒழிய வேண்டும் என்பதோடும் சேர்த்து, குறைந்தபட்சக் கூலி மணிக்கு இரண்டு டாலர் வேண்டும் என்றும் அந்தப் பேரணி கேட்டது. அன்றைக்குச் சட்டப்படி இருந்தது 1.15 டாலர். அடுத்த வருடமே இனப் பாகுபாட்டைத் தடுக்கும் குடிமை உரிமைச் சட்டம் வந்தது. இரண்டு டாலர் கூலி வந்தது 1974 மே மாதம். விலைவாசி அதற்குள் எங்கோ போய்விட்டது. தேசிய அளவில் இப்போது 7.25 டாலர், 2009-க்குப் பிறகு ஒரு சென்ட்கூட ஏறவில்லை.