சேறும் வசந்தம்தான்

ஐயா, வணக்கம். என் மகன் சுவீடனில் உப்சாலாவில் படிக்கிறான். "வசந்தம் வந்துடுச்சும்மா" என்று போன வாரம் வீடியோ காலில் சொன்னான். காட்டிய இடமெல்லாம் அழுக்குப் பனி, சேறு, மொட்டை மரம். ஒரு பூ கிடையாது. இங்கே தேவனாம்பட்டினத்தில் மாசி மகம் முடிந்ததுமே வெயில் கொளுத்துகிறது. இதைப் போய் வசந்தம் என்கிறார்களே?

– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள அம்மா,

உங்கள் மகன் சரியாகத்தான் சொல்கிறார். சுவீடன் வானிலைத் துறை பூவைப் பார்ப்பதில்லை. பிப்ரவரி 15 முதல், தொடர்ந்து 7 நாள் ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பமும் 0 டிகிரிக்கு மேல் இருந்தால் வசந்தம் வந்துவிட்டது என்று கணக்கு. தெற்கே பிப்ரவரியில் தொடங்கி, வடகோடிக்குப் போய்ச் சேர மே மாதம் ஆகிவிடும்.

ஆனால் அங்கே இருப்பவர்களுக்கு அது முதலில் வெளிச்சமாகத்தான் வருகிறது. கடலூரிலும் இங்கே புதுச்சேரியிலும் வருஷத்தின் நீளமான பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. உப்சாலாவில் டிசம்பர் பகல் சுமார் 6 மணி நேரம்; ஜூனில் 18-ஐத் தாண்டும். மார்ச்சில் பகல் தினமும் 5 நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. மூன்று மணிக்கே இருட்டிய ஊரில் ஆறு மணிக்கும் ஜன்னலில் வெயில் நின்றால் யாருக்குத்தான் மனசு துள்ளாது?

அந்தச் சேற்றை அடுத்த முறை கிட்டத்தில் காட்டச் சொல்லுங்கள். பூவைவிட எனக்கு இதுதான் அழகு. கருத்த அடிமரம் வெயிலை வாங்கிச் சூடாவதால், அதைச் சுற்றித்தான் பனி முதலில் வட்டமாக விலகும். வட்டத்துக்குள் போன வருஷத்துச் சருகு ஈரமாகக் கிடக்கும். நடைபாதையில் வழுக்காமலிருக்கக் குளிர்காலம் முழுக்கப் போட்ட பொடிக்கல்லும் வெளியே தெரியும். அப்புறம் நகராட்சி வண்டிகள் வந்து கூட்டி அள்ளும்.

மொட்டை மரங்களும் சும்மா நிற்கவில்லை. அந்த நாட்டு மரங்கள் பலவற்றின் மொட்டு விரிய வெயில் மட்டும் போதாது. முதலில் போதுமான குளிர் பட்டிருக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் ஜனவரியில் நாலு நாள் இதமாக இருந்ததுமே துளிர்த்து, அடுத்த உறைபனியில் கருகிவிடும். பண்ருட்டிப் பக்கம் இப்போது பூத்து மணக்கிற முந்திரிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆப்பிள் நம் ஊரில் காய்க்காததற்கு இந்தக் குளிர்த் தேவை ஒரு பெரிய காரணம்.

நம் புதுச்சேரி ஊசுட்டேரியில் குளிர்காலம் கழித்த ஊசிவால் வாத்துகள் இந்த மாதங்களில் கிளம்புவதும் வடக்கே பனி உருகும் என்பதால்தான். அவை போவது சுவீடனுக்கு இல்லை, மத்திய ஆசியா, சைபீரியா பக்கம். அங்கும் ஏரி உருகினால்தான் இரை, கூடு எல்லாம்.

பூவும் வரும். ஏப்ரலில், மேலே மரங்கள் இலை விட்டு நிழல் கட்டுவதற்குள், காட்டுத் தரையில் சின்ன நீலப் பூக்கள் பூத்துவிடும். ஏப்ரல் 30 அன்று உப்சாலா மாணவர்கள் தாங்களே கட்டிய தெப்பங்களில் ஃபிரிஸ் ஆற்றில் இறங்கிக் கொண்டாடுவார்கள். அன்று மகனைக் கட்டாயம் வீடியோ காலில் கூப்பிடுங்கள். கம்பளிக் கோட்டை மட்டும் அதுவரை எடுத்து வைத்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏப்ரலிலும் அங்கே பனி விழும்.