ஜாம் சட்டியும் ரேடியேட்டரும்: அக்கா பதில்கள்

இந்த தடவை வந்த கடிதங்கள்ல பாதி அடுப்படி, பாதி வாகனம். வழக்கமா ரெண்டையும் வேற வேற மாசத்துக்கு பிரிச்சு வைப்பேன், ஆனா முதல் மூணையும் வாசிச்சுப் பாத்தா மூணுக்கும் அடியில ஒரே விஷயம்தான் கிடக்குது, எது எந்த சூட்டுல கொதிக்குதுங்கிறது, அதனால சேர்த்தே பதில் எழுதிட்டேன்.

கேள்வி: அக்கா, ஸ்ட்ரோபெரி மலிவா கிடைச்சிச்சுன்னு ரெண்டு கிலோ வாங்கி ஜாம் காச்சினேன். ரெசிப்பில 104 டிகிரி வரணும்னு இருந்திச்சு, அதுக்குன்னே தெர்மாமீட்டரும் வாங்கினேன். 104 வர்ற வரைக்கும் கிண்டிக்கிட்டே நின்னேன், ஆறினப்புறம் பாத்தா கரண்டி இறங்கல, நெறமும் கறுத்துப்போச்சு. சீனி கூடிப்போச்சா?
– வாசகி, நுவரெலியா

பதில்: சீனி மேல பழி இல்ல தங்கச்சி, உங்க கை மேலயும் இல்ல. அந்த 104 கடல் மட்டத்துல இருக்கிறவங்களுக்கு எழுதின கணக்கு. கொழும்புல தண்ணி 100 டிகிரியில கொதிக்கும், மேல ஏற ஏற காத்தோட அழுத்தம் குறையும், சுமாரா 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறைஞ்சுகிட்டே வரும். நுவரெலியா 1868 மீட்டர், அங்க தண்ணி 94 கிட்டவே கொதிச்சிரும். ஹட்டன், பண்டாரவளைன்னா 96. ஜாம் இறுகுற பதம்ங்கிறது வெறும் தண்ணி கொதிக்கிற சூட்டுக்கு மேல நாலு, நாலரை டிகிரி, அவ்வளவுதான். அப்ப உங்களுக்கு 98லயே இறக்கியிருக்கணும், நீங்க மேல ஆறு டிகிரி ஏத்தியிருக்கீங்க, அது ஜாம் பதம் தாண்டி டொஃபி பக்கம் போயிருச்சு. இனி காச்சுறதுக்கு முன்னால அதே தெர்மாமீட்டர வெறும் கொதி தண்ணியில வச்சு என்ன காட்டுதுன்னு பாருங்க, அதோட நாலரை கூட்டிக்குங்க. உங்க வீட்டுக்கு உங்க கணக்கு.

எங்க அம்மாகிட்ட தெர்மாமீட்டரே இருந்ததில்ல. லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) பின்னால பீலித் தண்ணியில (மலையில இருந்து வர்ற ஊத்துத் தண்ணி) ஒரு சோசர போட்டு வச்சிருப்பாங்க, காலையில அது கை விறைக்கிற குளிர்ல இருக்கும். ஜாம் கொதிச்சு நுரை அடங்கி, பெரிய பெரிய கொப்புளமா ‘பொளக் பொளக்’குன்னு வர ஆரம்பிச்சதும் சட்டிய அடுப்புல இருந்து இறக்கிட்டு (இத மறக்காதீங்க, பாத்துக்கிட்டு இருக்கிற நேரத்துலயே பதம் தாண்டிரும்) சோசர துடைச்சு அதுல ஒரு சொட்டு விடுவாங்க. ஒரு நிமிஷம் கழிச்சு விரலால மெதுவா தள்ளினா ஆறின பால்ல ஆடை சுருங்குமே, அந்த மாதிரி மேல சுருக்கம் விழணும். விழலன்னா இன்னும் ரெண்டு மூணு நிமிஷம். இப்ப ஃபிரிஜ் இருக்கிறவங்க சோசர அதுல வைங்க.

ஸ்ட்ரோபெரியில இறுகுற சத்து, அதான் பெக்டின், கம்மி, அதனால நேரமாகும், அதுலதான் நெறம் கறுக்குது. கிலோவுக்கு ரெண்டு தேசிக்காய் சாறும், அரைப்பழமா இருக்கிற ஒரு கொய்யாவ வெட்டி துணியில முடிஞ்சும் பழத்தோட வேகப்போடுங்க, பழம் வெந்தப்புறம் முடிச்ச எடுத்துட்டு சீனி போடுங்க. போத்தல்ல அடைச்சு மூடினப்புறம் தண்ணிக்குள்ள முழுகுற மாதிரி வச்சு கொதிக்க விடுறதுக்கும் இதே கதைதான், கடல் மட்டத்துல சின்ன ஜாம் போத்தலுக்கு 5 நிமிஷம் போதும்னா ஹட்டன் உயரத்துல 10, நுவரெலியாவுல 15, ஏன்னா நம்ம கொதி தண்ணிக்கு சூடு கம்மி. இறுகிப்போன ஜாம வீசிறாதீங்க, கொஞ்சம் சுடுதண்ணியும் தேசிக்காயும் விட்டு இளக்கி ரொட்டிக்கு வச்சுக்கலாம்.

கேள்வி: என் வேன் கொழும்புல இருந்து வரும்போது கினிகத்தேனை ஏத்தத்துல சூடாகி ஆவி அடிக்குது. பீலியில தண்ணி பிடிச்சு ஊத்திட்டு வர்றேன், அடுத்த டிரிப்பும் அதேதான். ரேடியேட்டரே மாத்தணும்னு சொல்றாங்க, பெரிய செலவு.
– வேன் ஓட்டுற வாசகர், பொகவந்தலாவை

பதில்: அண்ணே, ரேடியேட்டர மாத்துறதுக்கு முன்னால அதோட மூடிய மாத்திப் பாருங்க. மூடிதானேன்னு நெனைக்காதீங்க, அது பிரஷர் குக்கர் வெயிட் மாதிரி. மேல 0.9 இல்லன்னா 1.1ன்னு அடிச்சிருக்கும், அவ்வளவு அழுத்தத்த உள்ள பிடிச்சு வைக்கும், அந்த அழுத்தத்துலதான் உள்ள இருக்கிற தண்ணி ஹட்டன் உயரத்துலயும் 115 டிகிரி கிட்ட போற வரைக்கும் கொதிக்காம நிக்குது. உள்ள இருக்கிற ரப்பர் வெடிச்சு ஸ்பிரிங் தளர்ந்து போச்சுன்னா அழுத்தம் நிக்காது, ஜாம் சட்டி மாதிரி 96லயே கொதிச்சிரும். எஞ்சின் சாதாரணமா ஓடுற சூடே 90 பக்கம்னா மிச்சம் எவ்வளவு இருக்குன்னு பாருங்க, முழு லோடோட ரெண்டாம் கியர்ல ஏறினா அது எந்த மூலைக்கு? காலையில எஞ்சின் பச்சைத்தண்ணியா இருக்கும்போது மூடிய கழட்டி ரப்பர நகத்தால அழுத்திப் பாருங்க, கல்லு மாதிரி இருந்தாலோ கீறல் இருந்தாலோ அதே நம்பர்ல புதுசு வாங்கிப் போடுங்க. சரியாகலன்னா ஃபேன், தெர்மோஸ்டாட், லீக்குன்னு வரிசையா பாக்கலாம்.

பீலித் தண்ணி அவசரத்துக்கு சரி, ஆனா அதுலயே ஓட்டாதீங்க, உள்ள துருவும் உப்பும் படிஞ்சு குழாய் அடைக்கும். கூலன்ட்டும் சுத்தமான தண்ணியும் பாதிக்குப் பாதி போடுங்க, அது கொதிநிலையையும் இன்னும் கொஞ்சம் ஏத்தும்.

இன்னொண்ணு, இத கெஞ்சிக் கேக்குறேன், ஆவி அடிக்கிற நேரத்துல மூடிய தொறக்காதீங்க. அழுத்தம் விட்ட அந்த நொடியே மொத்தத் தண்ணியும் கொதிச்சு மூஞ்சில அடிக்கும். ஓரமா நிப்பாட்டி, எஞ்சின ஓஃப் பண்ணி, அரை மணி நேரத்துக்கு மேல ஆற விட்டு, மேல் ஹோஸ் பைப்ப துணி வச்சு அமுக்கிப் பாருங்க, விறைப்பு இல்லன்னாத்தான் மூடியில கை வைக்கணும். சூட்டோட பச்சைத்தண்ணி ஊத்தினா எஞ்சின் ஹெட் வெடிக்கும், அப்புறம் ரேடியேட்டர் செலவே சின்னதாத் தெரியும்.

கேள்வி: நுவரெலியாவுல இருந்து இறங்கும்போது ரம்பொடை தாண்டினதும் பிரேக் பஞ்சு மாதிரி உள்ள போயிருச்சு. பயந்து நிப்பாட்டி பத்து பதினஞ்சு நிமிஷம் கழிச்சு பாத்தா சரியாயிருச்சு. பிரேக் ஷூ புதுசுதான். என்னவா இருக்கும்?
– வாசகர், புசல்லாவை

பதில்: இதுவும் கொதிப்புதான் தம்பி, இந்த தடவை கொதிச்சது பிரேக் ஒயில். இது எனக்கே நடந்திருக்கு, பின்னால பிள்ளைங்க இருந்தாங்க, அந்த நிமிஷத்த இன்னமும் மறக்க முடியல. சர்விஸ் பில்லுல பிரேக் ஒயில் மாத்தினதா போட்டிருந்தாங்க, வீட்டுக்கு வந்து டேங்க் மூடிய தொறந்தா உள்ள கறுப்பா கிடக்குது.

பிரேக் ஒயில் காத்துல இருக்கிற ஈரத்த இழுக்கும், நம்ம பக்கத்து மழைக்கும் பனிமூட்டத்துக்கும் கேக்கவே வேணாம். டொட்ங்கிறது பிரேக் ஒயிலோட தரத்துக்கு போடுற பேர், டொட் 3 ஒயில் புதுசா இருக்கும்போது 205 டிகிரி வரைக்கும் தாங்கணும், ஈரம் ஏறினா அது 140க்கு இறங்கிரும். டொட் 4ன்னா 230, ஈரம் ஏறினா 155. இறக்கத்துல பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்தா டிஸ்க்கு சூடு ஒயிலுக்கு ஏறி அது கொதிச்சு ஆவியாகும், ஆவிய அமுக்கினா சுருங்கும், அதான் பெடல் பஞ்சாகுது. ஆறினா ஆவி திரும்ப ஒயிலாகும், பிரேக் வந்திரும், அதப் பாத்து சரியாயிருச்சுன்னு மறந்திராதீங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்துங்க, டேங்குல புது ஒயில் லேசான மஞ்சள்ல இருக்கும், பிளேன்டீ நெறத்துக்கு வந்திச்சுன்னா நாள் பாக்காதீங்க. எந்த டொட்டுன்னு மூடியிலயே எழுதியிருக்கும். சீல் உடைச்சு மாசக்கணக்கா வச்சிருக்கிற டின்ன ஊத்தாதீங்க. பிரேக் குழாய்க்குள்ள இருக்கிற காத்த எடுக்கிற வேலைய முதல் தடவை மெக்கானிக் பக்கத்துல நின்னு பழகிக்குங்க, மாத்துறத கண்ணால பாத்த மாதிரியும் ஆச்சு. ஏறின கியர்லயே இறங்குங்க. நடுவழியில பெடல் போச்சுன்னா விட்டு விட்டு மிதிச்சு, கியர ஒவ்வொண்ணா குறைச்சு, ஹேண்ட்பிரேக்க கொஞ்சம் கொஞ்சமா இழுங்க.

கேள்வி: மரம் நிறைய பட்டர்புரூட். ஜாம் மாதிரி போத்தல்ல அடைச்சு வைக்கலாமா?
– வாசகி, வெலிமடை

பதில்: வேணாம்மா. அதுல புளிப்பு இல்ல, புளிப்பில்லாதத மூடி அடைச்சா வெளிய தெரியாமலே உள்ள விஷக்கிருமி வளரும், நம்ம கொதி தண்ணி அந்தக் கிருமியோட வித்துக்கள கொல்லாது. மசிச்சு தேசிக்காய் புளி விட்டு ஃபிரீசர்ல வைங்க, மிச்சத்த அக்கம்பக்கத்துக்கு குடுங்க.

கேள்வி: பெட்டரி முனையில வெள்ளையா பூக்குது, காலையில ஸ்டார்ட் எடுக்க கஷ்டமா இருக்கு.
– வாசகர், தலவாக்கலை

பதில்: எஞ்சின ஓஃப் பண்ணிட்டு கறுப்பு வயர முதல்ல கழட்டுங்க, அப்புறம் சிவப்பு. சுடுதண்ணியில அப்பச்சோடா கலந்து பழைய பல் பிரஷ்ஷால தேய்ங்க, பெட்டரி மூடி ஓட்டைக்குள்ள அந்த தண்ணி போகக்கூடாது. நல்லா துடைச்சு காய விட்டு, சிவப்ப முதல்ல மாட்டி கறுப்ப கடைசியா மாட்டி, மேல கொஞ்சம் கிரீஸ் பூசிருங்க.