பந்தல் முதலில், பூ பிறகு

அன்புள்ள அம்மா,

வீடு, சமையல், பழைய புழக்கங்கள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். மதுரையில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மொட்டை மாடியை நாங்களே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். இந்தக் கோடையில் அதைச் சின்னத் தோட்டமாக்கி, மாலையில் உட்காரும்படி அலங்கரிக்க ஆசை. யூடியூபில் பார்த்துச் சிலவற்றைக் குறித்து வைத்திருக்கிறேன்: செயற்கைப் புல் விரிப்பு, வெள்ளைக் கூழாங்கல், பழைய டயருக்குப் பெயிண்ட் அடித்துத் தொட்டி, கைப்பிடிச் சுவரைச் சுற்றி சீரியல் விளக்கு. மாசியில் தள்ளுவண்டியில் வாங்கிய ரோஜாச் செடிகளில் ஒன்றைத் தவிர எல்லாம் காய்ந்துவிட்டன. இத்தனைக்கும் இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றுகிறேன். 'கத்திரி முடியட்டும், இப்போது எதையும் நடாதே' என்கிறார் என் மாமியார். அவருக்கு இதிலெல்லாம் ஆர்வமில்லை. குறைந்த செலவில் என்ன செடி வைக்கலாம், எப்படி அலங்கரிக்கலாம்?

ர., மதுரை

அன்புள்ள ர.,

முதலில் உங்கள் மாமியார். ஆர்வமில்லாதவர் 'எதுக்கு இந்த வேண்டாத வேலை' என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பார். இவர் 'கத்திரி முடியட்டும்' என்று கெடு வைத்துச் சொல்லியிருக்கிறார். சித்திரைக் கடைசியில் தொடங்கி வைகாசி பாதிவரை நிற்கும் அந்த வெயிலில் நாற்றுப் பிடுங்கி நட்டால் என்ன ஆகும் என்று பார்த்தவருடைய பேச்சு அது. அவரைக் கூப்பிட்டு மாடியில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசியிருந்தால் எனக்குக் கடிதம் எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது. என் மகள் வயது உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் திட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதுவதற்கு முன்பே இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் எதிர்வீட்டு மாடியில் பச்சைப் பிளாஸ்டிக் புல் விரித்திருக்கிறார்கள். வெயில் ஏறிவிட்டால் அந்த வீட்டுப் பூனைகூட அதில் கால் வைப்பதில்லை, சுவர் மேலேயே சுற்றிப் போகிறது. உயிருள்ள புல் வேரால் குடித்த தண்ணீரை இலைவழியே ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர்த்திக்கொள்கிறது. பிளாஸ்டிக்குக்கு அந்த வழி கிடையாது, வாங்கிய வெயிலை வைத்துக்கொண்டு கொதிக்கும். வெள்ளைக் கூழாங்கல் கண்ணைக் கூசவைக்கும். டயர் பற்றி ஒரே வரி: கறுப்பு ரப்பர் வேரை வேகவைக்கும், உள்மடிப்பில் தேங்கும் தண்ணீர் டெங்கு கொசுவை வளர்க்கும். இந்த மூன்றையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

இந்தக் காணொளிகளின் பிறந்த வீடு எது என்று யோசித்தீர்களா? பனியிலும் மழையிலும் மாதக்கணக்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள், வெயில் வந்ததும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அதைத் தேடிப் போகிற ஊர்கள். லண்டனில் ஜூன் மாதம் சூரியன் மறைய இரவு ஒன்பது மணி தாண்டும். அவர்களுக்குக் கோடை என்றால் வெளியே வருவது. நமக்கோ உள்ளே போவது. நம் ஊரில் பூத்தோட்டத்துக்கான காலம் ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு, மாசிவரை. செவ்வந்தியும் டாலியாவும் அப்போதுதான் திமிராக நிற்கும். பங்குனிக்கு மேல் பெரும்பாலான செடிகள் உயிரைப் பிடித்துக்கொண்டு இருக்கின்றன, அவ்வளவுதான். அந்த நேரத்தில் போய் 'அலங்காரமாக நில்' என்றால் எங்கே நிற்கும்?

அதனால்தான் சொல்கிறேன், நம் வெயிலுக்கு வெளி அலங்காரம் என்று ஒன்று உண்டென்றால் அது பந்தல்தான். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் சாவுக்கும் வாசலில் முதலில் போடுவது என்ன? நிழலைப் போட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம். வாழை மரமும் தோரணமும் கட்ட முதலில் ஒரு பந்தக்கால் வேண்டும்.

நிலக்கோட்டைப் பக்கம் என் அத்தை வீட்டில் கிணற்றடியை ஒட்டி ஒரு புடலைப் பந்தல் இருந்தது. கல்தூண் நட்டு, மேலே கம்பி இழுத்துக் கட்டியது. பாத்திரம் கழுவிய தண்ணீர் சின்ன வாய்க்காலாக ஓடிக் கொடியின் அடிக்குப் போகும். அப்போது சாம்பலும் தேங்காய் நாரும்தான், சோப்புத் தூள் கிடையாது. கழுவுவதும் அரிசி புடைப்பதும் எங்களுக்குத் தலை பின்னுவதும் அந்த நிழலில்தான் நடக்கும். மத்தியானம் மாமா கயிற்றுக்கட்டிலை அங்கே இழுத்துப் போட்டுக்கொள்வார். இலை வழியாக இறங்குகிற வெளிச்சத்தில் அவருடைய வெள்ளை வேட்டி இளம்பச்சையாகத் தெரியும்.

அத்தையிடம் பழைய பவுடர் டப்பா ஒன்று இருந்தது. அதில் ஓடையில் பொறுக்கிய கூழாங்கற்கள், சின்னதும் பெரிதுமாக. புடலம்பிஞ்சு ஒரு சாண் வந்ததும் நுனியில் வாழைநாரால் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடுவார். கட்டாவிட்டால் காய் பாம்பு மாதிரியே சுருண்டுகொள்ளும். கல் கனமாகிவிட்டால் காம்பு இற்றுவிடும். டப்பாவுக்குள் கைவிட்டுத் துழாவி, உள்ளங்கையில் இரண்டை வைத்துத் தூக்கிப் பார்த்து, ஒன்றைத் திரும்பப் போடுவார். காய் நீள நீளக் கல்லை மாற்றுவார். நாரை நுனியில் இறுக்காமல், விரல் நகம் நுழைகிற அளவு இடம் விட்டு முடிவார். எங்களை அதைத் தொடவிட்டதே இல்லை. ஓடித் தலையில் இடித்துக்கொண்டால் எங்களுக்குத்தான் திட்டு, 'பிஞ்சு உதிர்ந்துச்சா பாரு' என்று. நீங்கள் தரையில் கொட்ட நினைக்கிற அதே கூழாங்கல்தான், அங்கே தலைக்கு மேலே தொங்கிக்கொண்டு வேலை பார்த்தது.

இன்னொன்று. புடலைப் பூ வெள்ளை, விளிம்பெல்லாம் நூல் நூலாகப் பிரிந்திருக்கும். அது பொழுது சாய்ந்த பிறகுதான் விரியும். சுரைப் பூவும் அப்படித்தான். பீர்க்கம்பூ மஞ்சள், அதுவும் மாலையில் திறக்கும். அந்திப் பூச்சிகளுக்காகத் திறக்கிற பூக்கள் இவை. மாலையில் மாடியில் உட்கார வேண்டும் என்றுதானே ஆசைப்படுகிறீர்கள்? நீங்கள் டீ டம்ளரோடு ஏறி வருகிற நேரத்துக்குத் தலைக்கு மேலே பூக்கிற கொடிகள் இருக்க, அந்த இடத்தில் சீனத்து விளக்குச் சரத்தைத் தொங்கவிட்டு விடிய விடிய எரிய வைப்பதா? பூச்சி பூவுக்குப் போகுமா, பல்புக்குப் போகுமா? ஒரு மஞ்சள் பல்பு போதும். கீழே இறங்கும்போது அணைத்துவிட்டு வாருங்கள்.

மாடியில் எப்படிப் பந்தல் போடுவது என்று கேட்பீர்கள். வீட்டுக்காரர் தளத்தில் ஓட்டை போடாதீர்கள். இருபது லிட்டர் பெயிண்ட் வாளி நான்கு வாங்கி, வாளிக்கொரு சவுக்குக் கம்பை நடுவில் நிறுத்தி, ஜல்லியும் சிமெண்டும் கலந்து நிரப்பிவிட்டால் கால் தயார். மேலே குறுக்குக் கம்பு கட்டி, கொடி ஏறும் நைலான் வலையை இழுத்துக் கட்டலாம். கைப்பிடிச் சுவரில் தூண் இருந்தால் அதோடும் ஒரு கட்டுப் போடுங்கள். கோடை மழைக்கு முன்னால் வரும் சூறைக்காற்று எதையும் தூக்கும். கீற்று வேய வேண்டாம், மாடியில் ஒரு தீப்பொறி போதும்.

இந்தக் கோடைக்குக் கொடி போடக் காலம் தப்பிவிட்டது. இப்போதைக்கு ஐம்பது சதவீத நிழல்வலை கட்டுங்கள், பச்சை நிறத்தில் கிடைக்கும். கடைக்காரர் தொண்ணூறு சதவீதத்தைத் தள்ளப் பார்ப்பார், அதன் கீழே செடி வெளிச்சம் தேடி வெளிறி நீண்டுவிடும். மேற்குப் பக்கத்தை முதலில் மறையுங்கள், செடியைக் கொல்வது மூன்று மணி வெயில்தான். ஆடியில் புடலையும் பீர்க்கும் விதையுங்கள், அது காய்க்காக. தை பிறந்ததும் இன்னொரு முறை விதையுங்கள், அது நிழலுக்காக. அப்போதுதான் சித்திரை வருவதற்குள் கொடி கூரை ஏறி மூடியிருக்கும். முதலில் ஆண் பூவாகப் பூத்துக் கொட்டும், மலட்டுக் கொடி என்று பிடுங்கிவிடாதீர்கள். அடியில் குட்டிக் காயோடு வருவதுதான் பெண் பூ. மூன்றாம் மாடிக்குப் பூச்சி வராவிட்டால், இருட்டுகிற நேரத்தில் ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவின் மேல் நீங்களே தடவிவிடலாம். கொடி வைக்கிற வாளிகளைச் சுவரோரமாக, செங்கல் மேல் வையுங்கள். ஈர மண் நிரம்பிய இருபது லிட்டர் வாளி முப்பது கிலோவுக்குக் குறையாது, அதை மாடி நடுவில் கூட்டமாக அடுக்கக் கூடாது.

ரோஜா. தள்ளுவண்டிச் செடியின் வேரைச் சுற்றி ஒரு களிமண் உருண்டை இருக்கும், பார்த்தீர்களா? அதை அப்படியே நட்டால் வெயிலில் செங்கல்லாகிவிடும். நீங்கள் ஊற்றுகிற தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு தொட்டியின் அடிவழியே போய்விடும். வெளியே மண் சகதி, உள்ளே வேர் வறட்சி. செத்ததில் ஒன்றைப் பிடுங்கி உடைத்துப் பாருங்கள். இரண்டு வேளை ஊற்றினேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தீர்களா? இரண்டாவது கணுவரை காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரமாக இருந்தால் வாளியைக் கீழே வையுங்கள். கொடிகளின் அகல இலை உச்சி வெயிலில் தொங்கும், ஆறு மணிக்குத் தானாக எழுந்துவிடும். அதைப் பார்த்துப் பதறிப் பதறி ஊற்றித்தான் பாதிப் பேர் வேரை அழுக வைக்கிறார்கள். மண்ணின் மேல் சருகோ தேங்காய் மட்டை நாரோ நாலு விரல் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள். பெரிய தொட்டியாக இருந்தால், நன்றாகச் சுட்ட, வண்ணம் பூசாத சின்ன மண் கலயத்தைக் கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடிவிடலாம். கசிகிற ஈரத்தைத் தேடி வேர் வந்துவிடும். கி.மு. முதல் நூற்றாண்டிலேயே சீனத்தில் ஃபான் ஷெங்ஜி என்பவர் தன் வேளாண் நூலில் இந்தப் பானைப் பாசனத்தை எழுதி வைத்திருக்கிறார்.

செடிப் பெயர்தானே கேட்டீர்கள், மறந்தே போனேன். வெயில் தாங்குபவை: காகிதப்பூ, இட்லிப்பூ, நித்தியகல்யாணி, பத்து மணிப்பூ. காகிதப்பூவுக்குத் தண்ணீரைக் குறைத்தால்தான் நிறம் வரும், கொஞ்சினால் இலையாகத் தள்ளும். அரளியும் தாங்கும், ஆனால் எல்லாப் பாகமும் விஷம். குழந்தை இருந்தால் வேண்டாம்.

ஆனாலும் மதுரையில் குடியிருந்துகொண்டு ரோஜாவுக்காகக் கண்ணீர் விடுகிறீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மல்லிகை உங்கள் ஊருடையது. எல்லாப் பூவும் சோர்கிற பங்குனி சித்திரையில்தான் அது பொங்கிப் பூக்கும். மார்கழிப் பனியில் அரும்பு குறைந்து, மாட்டுத்தாவணியில் கிலோ ஆயிரங்களைத் தாண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இப்போது விலை தரையில் கிடக்கும். அதற்கு நிழல் ஆகாது, முழு வெயில் வேண்டும். பந்தலுக்கு வெளியே, தெற்குச் சுவரோரம் ஒரு பெரிய தொட்டியில் வையுங்கள். கார்த்திகைக் கடைசியில் முழங்கால் உயரத்துக்கு ஒட்ட வெட்டிவிடுங்கள், மனசு வராது, மாமியாரிடம் கத்தரியைக் கொடுத்துவிடுங்கள்.

தரைக்கு எதுவும் விரிக்க வேண்டாம். சாயந்தரம் ஒரு குடம் தண்ணீர் தெளித்து, காய்ந்ததும் ஓரத்தில் செம்மண் பட்டை போட்டு ஒரு கோலம். ஒரு கோரைப்பாய்.

புடலை விதை என்னிடம் இருக்கிறது, அத்தை வீட்டுக் கொடியின் வழி வந்தது. நெட்டைப் புடலை, கடையில் விற்கிற குட்டை ரகம் இல்லை. முகவரி அனுப்புங்கள், ஆடிக்கு முன்னால் அனுப்பிவைக்கிறேன். கல்லை நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்